பாலா ஏரியும் பக்கத்தில் மூழ்கிய ஊரும்

லண்டன் போய்வரும் தமிழ்ப் பயணிகளின் பட்டியல் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். தேம்ஸ் கரை, அரண்மனை வாசலில் காவலர் மாறும் சடங்கு, ஒரு நாள் ஸ்டோன்ஹெஞ்ச், விடுப்பு மிச்சமிருந்தால் எடின்பரோ. வேல்ஸ் அதில் இடம்பெறுவது அபூர்வம். இடம்பெற்றாலும் கார்டிஃப் கோட்டையோடு சரி. வட வேல்ஸ் மலைகளுக்கு நடுவே நீண்டு கிடக்கும் ஓர் ஏரியின் முனையில், சுமார் 2,000 பேர் வசிக்கும் பாலா என்ற ஊர் இருப்பது, பிரிட்டனில் பல ஆண்டுகளாக வாழும் நம்மவர்களிலேயே பலருக்குத் தெரியாது. பெயரென்னவோ நம் தெருப் பையனின் பெயர் மாதிரிதான் இருக்கிறது.

தெரிந்துகொள்ள வேண்டிய ஊர் இது. சுற்றுலாக் கையேடுகள் சொல்லும் காரணங்களை விட்டுவிடலாம். அவை பாலாவைப் படகு, கூடாரம், மலையேற்றம் என்று விற்கின்றன. அதெல்லாம் அங்கே உண்டு, நன்றாகவே உண்டு. ஆனால் பாலாவின் அழகு ஆளில்லாக் காட்டின் அழகு அல்ல. தலைமுறை தலைமுறையாக அங்கேயே குடியிருந்து, வெல்ஷ் மொழி பேசி, ஆடு வளர்த்து, கல்லடுக்குச் சுவர்களைச் சரிசெய்துவந்த மனிதர்கள் காத்துக்கொடுத்த அழகு. அவர்களிடமிருந்து வெளியூர்க்காரர்கள் ஒரு காலத்தில் தண்ணீரை எடுத்தார்கள். இப்போது வீடுகளை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அதனால் யாரும் அங்கே போகக் கூடாது என்பதில்லை. இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு போக வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் ஏரி. வெல்ஷ் மக்கள் அதை லின் டெகிட் என்கிறார்கள். வேல்ஸிலுள்ள இயற்கை ஏரிகளில் பெரியது. ஏறக்குறைய 6 கிலோமீட்டர் நீளம், ஒரு கிலோமீட்டருக்கும் குறைவான அகலம், ஆழமான இடத்தில் 40 மீட்டருக்கு மேல். பனியுகத்தில் பனியாறு குடைந்த பள்ளம் இது. டீ நதி ஒரு முனையில் புகுந்து, பாலா ஊரை ஒட்டிய மறுமுனையில் வெளியேறுகிறது. நதித் தண்ணீர் ஏரித் தண்ணீரோடு கலக்காமலே கடந்துபோகும் என்று பழைய நம்பிக்கை ஒன்று உண்டு. அறிவியல் அதை ஒப்புக்கொள்ளாது. கேட்க நன்றாக இருக்கிறது.

இந்த ஏரியில் க்வினியாட் என்று ஒரு வெள்ளி நிற மீன் இருக்கிறது. பனியுகம் முடிந்து சுமார் 10,000 ஆண்டுகளாக வெளியே போக வழியில்லாமல் இங்கேயே தங்கிவிட்ட இனம். உலகில் வேறெங்கும் இயற்கையாகக் கிடையாது. 1980களில் ரஃப் என்ற வேற்று மீன் இந்த ஏரிக்குள் வந்துசேர்ந்தது. தூண்டில்காரர்கள் இரைக்காகக் கொண்டுவந்து விட்டது என்பார்கள். அது க்வினியாட்டின் முட்டைகளைத் தின்கிறது. போதாததற்கு, சுற்றுவட்டார வயல்களிலிருந்து வழிந்துவரும் உரச்சத்து நீரில் பாசி பெருகுகிறது. மீன் அழிந்துபோனால் என்ன செய்வது என்ற பயத்தில் 2003க்கும் 2007க்கும் இடையே முட்டைகளைச் சேகரித்து, அரெனிக் மலையடிவாரத்திலுள்ள வேறோர் ஏரியில் விட்டுவைத்தார்கள். 

மனிதர்களின் கதைக்கு வருவோம். ஏரியைப் பற்றி ஒரு புராணக் கதை உண்டு. டெகிட் என்ற கொடுங்கோலனின் அரண்மனை அங்கே இருந்ததாம். பழிக்குப் பழி வரும், வரும் என்று ஒரு குரல் அவனை எச்சரித்துக்கொண்டே இருந்ததாம். அவன் சட்டை செய்யவில்லை. ஒருநாள் விருந்துக்கு யாழ் வாசிக்க வந்த ஏழைக் கலைஞனை ஒரு சிறு பறவை மலைமேல் அழைத்துக்கொண்டு போனது. விடிந்து பார்த்தால் அரண்மனை இருந்த இடத்தில் ஏரி. அதன் மேல் அவனுடைய யாழ் மிதந்துகொண்டிருந்தது. இப்படிக் கடலோ ஏரியோ கொண்டுபோன ஊர்களின் கதைகள் வேல்ஸில் வேறு சில இடங்களிலும் உண்டு. பெரும்பாலும் மூழ்குகிறவன் தவறு செய்தவனாக இருப்பான். பாலாவுக்கு வடமேற்கே, காரில் சிறிது நேரத்தில் போய்விடக்கூடிய பள்ளத்தாக்கில் 1965இல் மூழ்கிய ஊர் எந்தத் தவறும் செய்யவில்லை.

அந்த ஊரின் பெயர் காபெல் கெலின். ட்ரவெரின் ஆற்றின் பள்ளத்தாக்கில் ஒரு சிற்றாலயம், ஒரு பள்ளிக்கூடம், ஒரு தபால் நிலையம், ஒரு கல்லறைத் தோட்டம், பன்னிரண்டு வீடுகளும் பண்ணைகளும். எல்லோருடைய பேச்சும் வெல்ஷ். 1950களின் நடுவில் லிவர்பூல் மாநகராட்சி தன் தண்ணீர்த் தேவைக்காக அந்தப் பள்ளத்தாக்கின் குறுக்கே அணை கட்ட முடிவுசெய்தது. அது லிவர்பூலுக்குப் புதிய பழக்கமல்ல. 1880களிலேயே பாலாவுக்குத் தெற்கே மலைக்கு அந்தப் பக்கம் வெர்ன்வி அணையைக் கட்டியபோது லான்விதின் என்ற கிராமத்தை மூழ்கடித்த மாநகராட்சி அது.

இந்த முறை அதன் வழிமுறைதான் வேல்ஸை உலுக்கியது. உள்ளூர்த் திட்ட அனுமதிக்கு விண்ணப்பித்தால் வெல்ஷ் கவுன்சில்கள் மறுக்கக்கூடும். ஆகவே மாநகராட்சி நேரே லண்டன் நாடாளுமன்றத்துக்கே போய்த் தனி மசோதா கொண்டுவந்தது. ஊர் மக்கள் 1956 நவம்பரில் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு லிவர்பூல் தெருக்களில் பதாகை ஏந்தி நடந்தார்கள். மாநகராட்சி அசைந்துகொடுக்கவில்லை. 1957இல் மசோதா வாக்கெடுப்புக்கு வந்தபோது, வேல்ஸிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட 36 உறுப்பினர்களில் ஒருவர்கூட ஆதரவாக வாக்களிக்கவில்லை. மசோதா நிறைவேறியது. ஒரு நாட்டின் பிரதிநிதிகள் ஒருவர்கூட ஆதரிக்காத சட்டம் அந்த நாட்டின் நிலத்தை எடுத்துக்கொள்ள முடியும் என்பதை வெல்ஷ் மக்கள் அன்று கற்றுக்கொண்டார்கள்.

சுமார் 800 ஏக்கர் நிலம் தண்ணீருக்குள் போனது. பள்ளத்தாக்கில் வசித்த 67 பேரில் 48 பேர் வீடிழந்தார்கள். சில உடல்களைத் தோண்டியெடுத்து வேறிடத்தில் அடக்கம் செய்தார்கள். மற்ற கல்லறைகளின் மேல் கான்கிரீட் போட்டு அப்படியே விட்டார்கள். பாலாவிலிருந்து ப்ளைனை ஃபெஸ்டினியோக் போகும் ரயில் பாதையும் அதே பள்ளத்தாக்கில்தான் ஓடியது, அதுவும் போனது. 1963இல் இளைஞர்கள் சிலர் கட்டுமான இடத்தின் மின்மாற்றிக்குக் குண்டு வைத்துச் சிறைக்குப் போனார்கள். 1965 அக்டோபர் 21 அன்று திறப்பு விழாவுக்கு வந்த லிவர்பூல் பிரமுகர்களை எதிர்கொண்டது கூச்சலும் கல்வீச்சும்தான். விழா சில நிமிடங்களில் முடிந்தது.

லிவர்பூல் பக்கத்து நியாயத்தையும் சொல்லியாக வேண்டும். போரில் குண்டுவீச்சால் நொறுங்கிய நகரம் அது. ஏழைத் தொழிலாளிகள் நெரிசலில் வாழ்ந்த நகரம். அந்தத் தொழிலாளிகளில் வேல்ஸிலிருந்து பிழைக்க வந்தவர்களும் ஏராளம். வெல்ஷ் சிற்றாலயங்களும் வெல்ஷ் கட்டுமானக்காரர்களும் நிறைந்த ஊர் என்று லிவர்பூலுக்கே ஒரு பெயர் உண்டு. குழாயில் தண்ணீர் கேட்டது தப்பில்லை. கேட்காமல் எடுத்ததுதான் தப்பு. நகர மன்றம் 2005இல் மன்னிப்புக் கேட்டது, நாற்பது ஆண்டு தாமதமாக.

அதன் அரசியல் விளைவுகள் இன்றும் தீரவில்லை. வேல்ஸுக்கென்று தனி அமைச்சர் பதவி 1964இல் உருவானதற்கும், ப்ளைட் கம்ரி கட்சியின் க்வின்வார் எவன்ஸ் 1966 இடைத்தேர்தலில் வென்று அந்தக் கட்சியின் முதல் நாடாளுமன்ற உறுப்பினர் ஆனதற்கும் பின்னால் ட்ரவெரினின் கோபம் இருந்தது என்பதைப் பலரும் ஒப்புக்கொள்கிறார்கள். மேற்குக் கடற்கரையோரம் ஒரு பாழடைந்த சுவரில் 1960களில் எழுத்தாளர் மெய்க் ஸ்டீவன்ஸ், ட்ரவெரினை மறவாதீர் என்று வெள்ளைச் சாயத்தில் எழுதிவைத்தார். 2019இல் யாரோ அதைச் சிதைத்தார்கள். அடுத்த சில வாரங்களில் அதே வாசகம் வேல்ஸ் முழுவதும் சுவர்களிலும் கொட்டகைகளிலும் முளைத்தது. இன்று காரின் பின்கண்ணாடியில் ஒட்டும் அளவுக்கு அது பரவியிருக்கிறது. வாடகைக் காரில் வட வேல்ஸைச் சுற்றும் பயணி அந்த இரண்டு வார்த்தைகளைப் பலமுறை கடந்திருப்பார். என்னவென்று கேட்டிருக்க மாட்டார்.

இப்போது அந்த அணைக்கட்டின் கரையில் ஒரு சிறிய நினைவு ஆலயம் நிற்கிறது. தண்ணீர் அமைதியாக, படமெடுக்கத் தோதாக இருக்கிறது. அணைக்குக் கீழே, திறந்துவிடும் தண்ணீரின் வேகத்தை நம்பி ட்ரவெரின் தேசிய வெண்ணீர் மையம் நடக்கிறது. ரப்பர் படகில் உருண்டு புரண்டு கூச்சலிட்டபடி போகும் விளையாட்டு. 1981இல் உலகப் படகுப் போட்டியே இங்கே நடந்தது. ஊரை அழித்த அணை உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வேலை கொடுக்கிறது என்பதில் ஒரு முரண் இருக்கத்தான் செய்கிறது. அந்த முரணோடு வாழ உள்ளூர்க்காரர்கள் பழகிவிட்டார்கள். படகேறும் பயணி அணைக்கரை வரை ஏறிப்போய் அந்த நினைவு ஆலயத்தையும் பார்த்துவிட்டு வர வேண்டும். அதற்கு அரை மணிகூட ஆகாது.

இன்னொன்று. அந்த அணையின் தண்ணீர் குழாய் வழியாக லிவர்பூலுக்குப் போவதில்லை. ட்ரவெரின் ஆற்றில் விட்டு, அது பாலாவில் டீ நதியோடு சேர்ந்து, செஸ்டர் அருகே நதியிலிருந்து எடுக்கிறார்கள். இயற்கை ஏரியான லின் டெகிட்டுக்கும் அதில் பங்கு உண்டு. கால்வாய்க்குத் தண்ணீர் கொடுக்க 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பொறியாளர் தாமஸ் டெல்ஃபோர்டு அதன் வாயில் மதகு வைத்துவிட்டார். ஆக, லிவர்பூல் வட்டாரத்தில் குடியிருக்கும் ஒரு தமிழ்க் குடும்பம் வார இறுதியில் பாலாவுக்குப் போனால், தன் வீட்டு ரசத்தில் கொதித்த தண்ணீர் புறப்படும் இடத்தைத்தான் பார்க்கப் போகிறது.

இவ்வளவு சிறிய ஊர் இவ்வளவு பெரிய காரியங்களில் எப்படித் தலையிட்டது என்பது பாலாவின் தெருவில் நடக்கும் எவருக்கும் எழும் கேள்வி. 18ஆம் நூற்றாண்டில் கம்பளிக் காலுறை பின்னுவதுதான் ஊரின் தொழில். ஆணும் பெண்ணும் பேசிக்கொண்டே பின்னுவார்கள். மூன்றாம் ஜார்ஜ் மன்னர் மூட்டுவலிக்குப் பாலா காலுறைதான் அணிவார் என்று ஒரு பெருமை. அந்த ஊருக்கு 1800இல் மேரி ஜோன்ஸ் என்ற பதினைந்து வயதுப் பெண் மலைகளைக் கடந்து சுமார் 40 கிலோமீட்டர் நடந்துவந்தாள். செருப்பில்லாமல் வந்தாள் என்பது கதை. ஆண்டுக்கணக்கில் சேர்த்த காசில் வெல்ஷ் பைபிள் ஒன்று வாங்க வேண்டும். விற்பவர் தாமஸ் சார்லஸ் என்ற மெதடிஸ்ட் போதகர். புத்தகத்துக்கு அப்படி ஒரு பஞ்சம். இந்தச் சம்பவம் அவர் மனதை உறுத்தியது என்றும், 1804இல் லண்டனில் தொடங்கிய பிரிட்டிஷ் வேதாகமச் சங்கத்துக்கு அதுவே தூண்டுதல் என்றும் சொல்வார்கள். பிற்காலத்தில் தமிழ் பைபிள் பதிப்புகளை வெளியிட்ட அதே சங்கம்தான். மேரி நடந்த காலத்துக்கு 85 ஆண்டுகளுக்கு முன்பே தரங்கம்பாடியில் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகிவிட்டது என்பதையும் தமிழ் வாசகர் இந்த இடத்தில் நினைத்துக்கொள்ளலாம். ஊருக்கு வெளியே லனகில் என்ற இடத்தில், தாமஸ் சார்லஸ் அடக்கமான பழைய தேவாலயத்தில், மேரியின் கதையைச் சொல்லும் காட்சியகம் 2014 முதல் இருக்கிறது. சமய ஈடுபாடு இல்லாதவரும் போகலாம். ஒரு ஏழைப் பெண் தன் மொழியில் படிக்க ஆசைப்பட்ட கதை அது.

இந்தியாவோடு பாலாவுக்கு நேரடித் தொடர்பே உண்டு. பாலாவின் இறையியல் கல்லூரியில் படித்த தச்சர் மகன் தாமஸ் ஜோன்ஸ் 1841இல் சிரபுஞ்சிக்குப் போய், அங்குள்ள காசி மக்களின் மொழிக்கு ரோமன் எழுத்தில் எழுத்துமுறை அமைத்தார். அந்த எழுத்துக்கூட்டலில் வெல்ஷ் வாசனை அடிக்கும். பிறகு தன்னை அனுப்பிய மிஷனோடு முரண்பட்டார். காசி மக்களைச் சுரண்டிய ஆங்கிலேய வியாபாரியை எதிர்த்தார். 1849இல் கல்கத்தாவில் இறந்தார். மேகாலயாவில் காசி மக்கள் பாடும் ‘ரி காசி’ பாட்டின் மெட்டு வேல்ஸின் தேசிய கீதத்தின் மெட்டு. ஷில்லாங் போய்வந்த தமிழர்கள் எத்தனையோ பேர் அந்த மெட்டைக் கேட்டிருப்பார்கள்.

ஏரியின் மறுமுனையில் லன்யூக்லின் என்ற சிற்றூர். அங்கே பிறந்த மைக்கேல் டி. ஜோன்ஸ், பிரிட்டனுக்குள் இருக்கும்வரை வெல்ஷ் மொழி பிழைக்காது என்று முடிவுகட்டி, உலகின் கடைக்கோடியில் ஒரு வெல்ஷ் குடியிருப்பு அமைக்கத் திட்டமிட்டார். 1865 மே மாதம் மிமோசா என்ற கப்பல் லிவர்பூலிலிருந்து சுமார் 150 பேரோடு புறப்பட்டு, ஜூலையில் அர்ஜென்டினாவின் படகோனியா கரையைத் தொட்டது. அங்கே சுபுட் பள்ளத்தாக்கில் இன்றும் வெல்ஷ் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். ஸ்பானிஷும் வெல்ஷும் தெரிந்து, ஆங்கிலம் தெரியாதவர்கள் அவர்களில் உண்டு. ஆங்கிலம் இல்லாமல் உலகம் ஓடாது என்று நினைப்பவர்கள் சந்திக்க வேண்டிய மனிதர்கள்.

அதே லன்யூக்லினில் பிறந்த ஓ.எம். எட்வர்ட்ஸ் வேறு வழி எடுத்தார். அவர் படித்த பள்ளிக்கூடத்தில் வெல்ஷ் பேசிய குழந்தையின் கழுத்தில் மரக்கட்டை ஒன்றைத் தொங்கவிடுவார்கள். வெல்ஷ் பேசும் அடுத்த குழந்தைக்கு அது மாறும். சாயங்காலம் யார் கழுத்தில் கிடக்கிறதோ அதற்கு அடி. தானும் அதைக் கழுத்தில் சுமந்ததாக அவர் எழுதியிருக்கிறார். அந்தப் பையன் 1907இல் வேல்ஸின் தலைமைப் பள்ளி ஆய்வாளர் ஆனார். அவர் மகன் இவான் 1922இல் ஊர்த் என்ற வெல்ஷ் இளையோர் இயக்கத்தைத் தொடங்கினார். 1950 முதல் அந்த இயக்கம் ஏரிக்கரையில் கிளான்லின் என்ற முகாமை நடத்துகிறது. வேல்ஸ் முழுவதிலுமிருந்து வரும் பிள்ளைகள் படகோட்டுவதையும் நீந்துவதையும் வெல்ஷ் மொழியிலேயே கற்கிறார்கள். மொழியைப் பாடப்புத்தகத்தில் அடைக்காமல் விளையாட்டுக்குள் கொண்டுபோன அந்த யோசனைதான், கோபத்தைவிடவும் கப்பலைவிடவும் அதிகம் சாதித்தது என்று தோன்றுகிறது.

பாலா பகுதியில் பிறந்த பெட்சி கட்வாலடர் அறுபது வயதைத் தாண்டி கிரிமியப் போருக்கு நர்ஸாகப் போய், ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேலோடு மல்லுக்கு நின்றவர். வட வேல்ஸின் அரசு மருத்துவமனைகளை நடத்தும் சுகாதார வாரியத்துக்கு அவர் பெயர்தான்.

பக்கத்திலுள்ள வ்ரான்கோக்கில் ஒரு விஸ்கி ஆலை இருந்தது. உள்ளூர் ஜமீன்தார் லாய்டு பிரைஸ் 1889இல் தொடங்கியது. பிரிட்டனின் முதல் மேய்ப்பு நாய்ப் போட்டியை 1873இல் பாலாவில் நடத்திய அதே மனிதர். ஆலை ஓடவில்லை, முதல் உலகப் போரில் கட்டடம் கைதி முகாம் ஆனது. 1916 டப்ளின் எழுச்சிக்குப் பிறகு சுமார் 1,800 அயர்லாந்துக்காரர்களை அங்கே அடைத்தார்கள். அயர்லாந்து விடுதலைப் போராளி மைக்கேல் காலின்ஸ் அவர்களில் ஒருவர். எல்லோரையும் ஒரே இடத்தில் வைத்து, புரட்சிக்குப் பயிற்சி எடுத்துக்கொள்ள நேரமும் கொடுத்தார்கள். பிரிட்டிஷ் அரசு இதைவிடப் பெரிய உதவியை அயர்லாந்து விடுதலைக்குச் செய்திருக்க முடியாது. இன்று அந்த இடத்தில் ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது. நினைவுப் பலகை ஐரிஷ், வெல்ஷ், ஆங்கிலம் என மூன்று மொழிகளில் பேசுகிறது.

கதைகள் போதும், காலாற நடக்க வேண்டும் என்பவர்களுக்கும் குறைவில்லை. ஏரியின் தென்கரையில் 1972 முதல் ஓடும் குட்டி ரயில், 1965இல் மூடப்பட்ட பெரிய ரயில் பாதையின் தடத்திலேயே போகிறது. ஏழு கிலோமீட்டர் தூரம். இழுப்பவை ஸ்லேட் கல் குவாரிகளில் உழைத்த நூற்றாண்டுப் பழமையான நீராவி எஞ்சின்கள். தெற்கே அரான் மலை 905 மீட்டர். மேற்கே அரெனிக் மலை 854 மீட்டர். ஓவியர்கள் அகஸ்டஸ் ஜானும் ஜே.டி. இன்னஸும் 1911, 1912 ஆண்டுகளில் இதன் அடிவாரத்தில் தங்கி வெறிபிடித்ததுபோல் வரைந்தார்கள். உச்சியில், 1943 ஆகஸ்டில் மோதி விழுந்த அமெரிக்கப் போர் விமானத்தின் எட்டு வீரர்களுக்கு நினைவுக்கல் இருக்கிறது. தெற்கே போகும் புல்க்-இ-க்ரோயிஸ் கணவாய்ச் சாலை 545 மீட்டர் உயரத்துக்கு ஏறும். ஒரு காலத்தில் ஆஸ்டின் கார்களின் தெம்பை அங்கேதான் சோதித்தார்கள். வாடகைக் காரில் புதிதாக ஓட்டுகிறவர் அந்தச் சாலையைத் தவிர்ப்பது நல்லது. மழை எந்த மாதத்திலும் வரும். மார்ச், ஏப்ரலில் ஆடுகள் குட்டி போடும் பருவம். வேலிக் கதவைத் திறந்தவர் மூடிவிட்டுப் போக வேண்டும் என்பது அங்கே வேண்டுகோள் இல்லை, ஒழுக்கம்.

பாலாவில் நான்கில் மூன்று பேருக்கு வெல்ஷ் தெரியும். ரொட்டிக் கடையிலும் மருந்துக் கடையிலும் பெட்ரோல் பங்கிலும் அதுதான் பேச்சு. இங்கிலாந்தில் ஒரு புளித்துப்போன குற்றச்சாட்டு உண்டு: மதுக்கடைக்குள் ஓர் ஆங்கிலேயர் நுழைந்ததும் எல்லோரும் வேண்டுமென்றே வெல்ஷுக்கு மாறிவிடுகிறார்களாம். அவர்கள் முன்பும் அதைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பது குற்றம் சாட்டுகிறவருக்கு உறைப்பதில்லை. இரண்டு மொழிக்கு நடுவே வளர்ந்த தமிழ்ப் பயணிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் வேல்ஸ் முழுவதையும் எடுத்துக்கொண்டால் நிலைமை வேறு. 2021 மக்கள்தொகைக் கணக்கில் வெல்ஷ் தெரிந்தவர்கள் 17.8 சதவீதம், 2011இல் அது 19 சதவீதம். 2050க்குள் பத்து லட்சம் பேர் என்பது அரசின் இலக்கு. பள்ளிக்கூடங்களில் மொழியைக் கற்றுக்கொடுத்துவிடலாம். அதைத் தெருவில் பேச ஆட்கள் குடியிருக்க வேண்டுமே? பாலா போன்ற ஊர்கள் கரைந்துபோனால் அந்த இலக்குக்கு அடித்தளமே இருக்காது.

அந்தக் கரைப்பு வீட்டு விலையில் தொடங்குகிறது. ஆண்டில் சில வாரங்கள் வந்து தங்க நகரத்துப் பணக்காரர் ஒருவர் வீடு வாங்குகிறார். இன்னொருவர் வாங்கி, விடுமுறை வாடகைக்கு விடுகிறார். உள்ளூர்ச் சம்பளத்தில் வாழும் இளம் தம்பதிக்கு அந்த விலை கட்டாது. அவர்கள் ரெக்ஸமுக்கோ கார்டிஃபுக்கோ போகிறார்கள். பள்ளிக்கூடத்தில் இரண்டு பிள்ளைகள் குறைகிறார்கள். யாரும் அணை கட்டவில்லை, யாரும் மசோதா கொண்டுவரவில்லை, ஆனாலும் ஊர் காலியாகிறது. கடற்கரை ஊர்களில் இது முற்றிவிட்டது, மலையூர்களிலும் தொடங்கிவிட்டது.

இதற்கு வேல்ஸ் அரசு சில ஆயுதங்களைக் கையிலெடுத்திருக்கிறது. 2023 ஏப்ரல் முதல், இரண்டாவது வீடுகளுக்கு வழக்கமான வீட்டு வரிக்கு மேல் 300 சதவீதம்வரை கூடுதலாக விதிக்கக் கவுன்சில்களுக்கு அதிகாரம் உண்டு. பாலா அடங்கிய க்வினெத் கவுன்சில் 150 சதவீதம் கூடுதலாக வசூலித்தது. விடுமுறை வாடகை வீடு வியாபாரமாகக் கருதப்பட வேண்டுமானால் ஆண்டில் 182 நாட்களாவது வாடகைக்குப் போயிருக்க வேண்டும் என்றும் விதி வந்தது. இரண்டாவது வீட்டு வரி நியாயமானது. ஒரு வீட்டைப் பூட்டிவைக்கும் உரிமைக்கு விலை இருக்க வேண்டும். 182 நாள் விதி அப்படி அல்ல. ஆட்டுப்பண்ணையின் வருமானம் போதாமல் பழைய கொட்டகையைப் புதுப்பித்து வாடகைக்கு விடும் உள்ளூர் விவசாயியும், பத்து வீடு வைத்திருக்கும் முதலீட்டாளரும் அதன் கண்ணுக்கு ஒன்று. குளிர்காலத்தில் ஆள் வராத மலையூரில் அந்த எண்ணிக்கையை எட்டுவது விவசாயிக்குத்தான் கஷ்டம். வரியைப் போடுகிறவர்கள் இந்த வித்தியாசத்தைப் பார்த்துப் போட வேண்டும்.

பயணியின் பையைத் தொடும் சட்டமும் வந்துவிட்டது. 2025இல் வேல்ஸ் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டப்படி, விரும்பும் கவுன்சில்கள் 2027 முதல் ஓர் இரவுக்கு ஆளுக்கு ஒரு பவுண்டு 30 பென்ஸ் தங்கல் வரி வாங்கலாம். கூடார முகாம்களிலும் பகிர்வறை விடுதிகளிலும் அதைவிடக் குறைவு. நம் கணக்கில் சுமார் 150 ரூபாய், லண்டனில் ஒரு காபியின் விலைகூட இல்லை. இதனால் சுற்றுலாவே படுத்துவிடும் என்று தங்கும் விடுதி முதலாளிகள் புலம்புவது மிகை. பார்சிலோனாவும் ஆம்ஸ்டர்டாமும் இதைவிடப் பல மடங்கு வாங்குகின்றன. அங்கே கூட்டம் குறைந்ததாகத் தெரியவில்லை. ஓர் ஊரின் சாலையையும் குப்பைத்தொட்டியையும் மலைப்பாதையையும் பயன்படுத்துகிறவர் அதற்குக் காசு கொடுப்பதில் என்ன அநியாயம்?

அந்தக் காசு எதற்குச் செலவாகும் என்பதில்தான் கண் வைக்க வேண்டும். பளபளப்பான விளம்பரக் கையேடுகளுக்கும் புதிய கார் நிறுத்தங்களுக்கும் போனால் அது வீண். 1965இல் ரயிலை இழந்த பாலாவுக்கு இன்று பொதுப் போக்குவரத்து என்றால் ரெக்ஸமிலிருந்து ருவாபன் ரயில் நிலையம் வழியாக பார்மத் கடற்கரைக்குப் போகும் டி3 பேருந்துதான். பயணிக்கும் அதுவே நல்ல வழி: லண்டனிலிருந்து ரயிலில் ருவாபன் வந்து, அந்தப் பேருந்தில் டீ நதியோடு கூடவே ஏறி, ஊரில் இறங்கிவிடலாம். கார் வேண்டாம். ஆனால் அதே பேருந்தில்தான் பாலாவின் மாணவர்களும் முதியவர்களும் மருத்துவமனைக்கும் கல்லூரிக்கும் போகிறார்கள். வேலை வேறெங்கோ கிடைத்தாலும் பாலாவிலேயே குடியிருக்க முடியுமா என்பதும் அந்தக் கால அட்டவணையைப் பொறுத்தது. தங்கல் வரியை விதிப்பதென்று க்வினெத் தீர்மானித்தால், முதல் ஆண்டுப் பணத்தில் அந்தத் தடத்தில் பேருந்துகளைக் கூட்டட்டும். நினைவு ஆலயம் இருக்கும் அணைக்கரை வரைக்கும் ஒரு கிளை விடட்டும்.